மாப்பிள்ளை வண்டிக்கு ஏரோப்ளேன் பெட்ரோல்

எனக்கு இன்றுவரை மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு விஷயத்தில். ஓட்டத் தெரியாத அந்த நாளிலேயே, எந்த வண்டிக்கு எந்தப் பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று ராயபுரம் முழுக்க உபதேசம் செய்துகொண்டு திரிந்தவன் நான்.

காரணம் என் உத்தியோகம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் எண்ணெய்க் கம்பெனிக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். பம்பு வைத்துப் பெட்ரோல் அடிக்கும் கடைகள் அப்போது ஒன்றிரண்டுதான். மற்றபடி எல்லாம் டின்னில்தான் போகும். அந்த டின்களுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. விளக்குக்கு மண்ணெண்ணெய், லாரிக்கு மட்டப் பெட்ரோல், காருக்கு நல்ல பெட்ரோல் என்று காலையிலிருந்து மாலைவரை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் என் சட்டையில் ஒரு வாடை அடிக்கும். அந்த வாடையை எங்கள் தெருக்காரர்கள் அறிவு என்று எடுத்துக்கொண்டார்கள். (நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.) யார் வீட்டு வாசலில் மோட்டார் நின்றாலும் பக்கத்தில் போய் நின்று மூக்கை உறிஞ்சி, "இதுக்கு இது சரிப்படாதே" என்று சொல்லிவிட்டு வருவேன். ஆள் பயந்துபோவான். எனக்கு அது போதும்.

இப்படி இருக்கும்போது என் தங்கை ரெஜினாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை ஆரோக்கியம் காத்திவாக்கத்துக்காரர். எண்ணூர் ரயில் நிலையத்தில் சிக்னல் வேலை. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் மணி பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கல்யாணம் எங்கள் ராயபுரம் கோயிலில், மே மாதத்தில், காலை பத்து மணிப் பூசையில். அந்தக் காலத்து வழக்கப்படி பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் முதல்நாள் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. பொண்ணும் மாப்பிள்ளையும் கட்டாயம் வாங்கியாக வேண்டும். அதனால்தான் கல்யாணங்களைக் காலையிலேயே முடித்துவிடுவார்கள்.

"ஒன்பதேகால் வண்டி இருக்கு. எங்க ஜனம் எல்லாம் அதுலதான் வருது. நானும் அதுலயே வந்துடறேன் மச்சான்" என்றார் ஆரோக்கியம். நியாயமான பேச்சு. அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

"மாப்பிள்ளை ரயில்ல வர்றதா? நான் ஒருத்தன் எண்ணெய்க் கம்பெனியில இருந்துக்கிட்டு?" என்று குதித்தேன். எங்கள் தெரு டாக்டர் ஒருவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது. என் அப்பாவுக்குப் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர்; கல்யாணம் என்றதும் தானாகவே கொடுத்தார். வண்டியோடு அவருடைய டிரைவர் மஸ்தானும் வந்தான். மஸ்தானுக்கும் எனக்கும் ஒரே வயது. சின்ன வயதில் துறைமுகத்து மதில்மேல் சேர்ந்து உட்கார்ந்து கப்பல் எண்ணியவர்கள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் இரண்டு டின்களைத் தூக்கிக்கொண்டு மஸ்தானிடம் போனேன். மெட்ராசில் ஆகாய விமானம் வந்து இறங்கத் தொடங்கியிருந்த சமயம் அது. அதற்கென்று தனியாக ஒரு பெட்ரோல் எங்கள் கிடங்குக்கு வந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவு. கையில் ஒரு சொட்டு விட்டால் ஜில்லென்று காற்றோடு பறந்துபோகும். அந்த டின்னுக்குச் சீட்டு எழுதும்போதெல்லாம் என் கையெழுத்தே கொஞ்சம் அழகாகிவிடும். கிடங்கு மேஸ்திரியைப் பத்து நாள் நச்சரித்து இரண்டு டின் முறைப்படி வாங்கியிருந்தேன்.

"இன்னாபா இது?" என்றான் மஸ்தான்.

"ஏரோப்ளேன் பெட்ரோல். உள்ளே இருக்கறதை எல்லாம் இறக்கிடு. இதை ஊத்து."

"தோ பார் சவரி, இது கெயட்டு வண்டி. சாதா பெட்ரோலு ஊத்தி ஓட்டிகினு கீறேன். சொம்மா போவுது. அத்த இன்னாத்துக்கு நோண்டறே?"

"ஆகாசத்துலயே பறக்கவைக்கிற பெட்ரோல், எண்ணூர் ரோட்டுல ஓடவைக்காதா? நான் கம்பெனி ஆளு சொல்றேன்."

"நீ டின்னுக்குச் சீட்டு எய்தற ஆளு. வண்டி நம்மள்து."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. "பொண்ணுக்கு அண்ணன் நான். என் தங்கச்சி கல்யாணத்துக்கு மட்டமானதை ஊத்தி மாப்பிள்ளையை அழைச்சுக்கிட்டு வரணுமா?" என்று குரலை உயர்த்தினேன். தங்கச்சி என்றதும் மஸ்தான் அடங்கிவிட்டான். தொட்டியில் இருந்த நல்ல பெட்ரோலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறக்கி எங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்தோம். இரண்டும் கலந்தால் என்னுடைய பெட்ரோலின் தரம் கெட்டுவிடுமாம். (இது எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று கேட்காதீர்கள். நானே சொன்னது.)

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கடல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வண்டி ஹேண்டிலைப் பாதி சுற்றும்போதே உறுமிக் கிளம்பியது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் ரோட்டில் அது போன போக்கைப் பார்த்து மஸ்தானே, "பரவாயில்லபா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே ஓர் ஆள் எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருக்க முடியுமோ அவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

காத்திவாக்கத்தில் மாப்பிள்ளையை உடனே விடவில்லை. செபம் சொன்னார்கள், பெரியவர்கள் ஒவ்வொருவராக நெற்றியில் சிலுவை போட்டார்கள், அழ வேண்டியவர்கள் அழுதார்கள். வண்டி வெட்டவெளியில் மணலோரம் வெயிலில் நின்றது. ஒன்பது மணிக்கு, கறுப்புக் கம்பளிக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக ஆரோக்கியம் வந்து பின் சீட்டில் ஏறினார். கையில் கடிகாரம்.

ஒரு மைல் போயிருப்போம். வண்டி இரண்டு தடவை இருமியது. மூன்றாவது இருமலில் நின்றுவிட்டது.

மஸ்தான் இறங்கி பானெட்டைத் திறந்தான். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான், ஊதினான், மாட்டினான். கால்மணி நேரம் ஆயிற்று. ஹேண்டிலைச் சுற்றினான். கிளம்பிவிட்டது! "பிளக்குலதான் அயுக்கு" என்றான். "பெட்ரோல் மேல தப்பில்லை பார்த்தியா" என்றேன் நான். ஒரு பர்லாங்கு போனோம். நின்றது.

அடுத்து கார்புரேட்டரைக் கழற்றினான். அதற்கும் கால்மணி நேரம். மறுபடியும் கிளம்பியது. மறுபடியும் ஒரு பர்லாங்கு. மறுபடியும் நின்றது. ஒரேயடியாக நின்று தொலைத்திருந்தால் இறங்கி நடந்தாவது போயிருப்போம். அது ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை கொடுத்துக் கொடுத்து நின்றது.

மூன்றாம் தடவை நின்ற இடம் ரயில் பாதைக்கு ஓரமாக. அப்போதுதான் ஒன்பதேகால் வண்டி, கொஞ்சம் தாமதமாக, எங்களைக் கடந்தது. மாப்பிள்ளை வீட்டு ஜனம் மொத்தமும் ஜன்னல்களில் இருந்தது. தங்களுக்குக் கையாட்டத்தான் நாங்கள் மரியாதையாக வண்டியை நிறுத்தியிருக்கிறோம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். எல்லாரும் கையாட்டினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நாங்கள் என்ன செய்வது? நாங்களும் ஆட்டினோம். ஆரோக்கியம் கையாட்டி முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம் லேட்டு" என்றார். ரயிலைச் சொன்னாரா, எங்களைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

"அடுத்த வண்டி எப்போ மாப்பிள்ளை?"

"பன்னெண்டே முக்காலுக்கு."

பன்னிரண்டு மணிக்கு மேல் பூசையைத் தொடங்கமாட்டேன் என்று எங்கள் பங்குச் சாமியார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்றைக்குத் தவறினால் அதற்கப்புறம் அவர் வேறு ஊருக்குப் போய்த் திரும்பப் பத்து நாள் ஆகும். சமைத்த சாப்பாடு, வந்த ஜனம், எல்லாவற்றுக்கும் மேல் ரெஜினா. கோயிலில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் குடித்திருக்கமாட்டாள். சுற்றி இருப்பவர்கள் முதலில் வாசலைப் பார்ப்பார்கள். பிறகு அவளைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் காதில் ஒருவர் பேசத் தொடங்குவார்கள். நேற்றுச் சாயங்காலம் கொல்லையில் இறக்கிவைத்த சாதாப் பெட்ரோல் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஒரு குதிரைவண்டி வராதா என்று பார்த்தோம். வந்த ஒரே மாட்டுவண்டியும் எதிர்ப்பக்கம் போனது. நடுவில் எங்கள் வண்டி இன்னும் மூன்று தடவை கிளம்பி நின்றது. மணி பத்தே முக்கால். மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டை வியர்வையில் நனைந்து மடங்கி விழுந்துவிட்டது. ஆனாலும் அவர் கோட்டைக் கழற்றவில்லை. "கழட்டினா திரும்பப் போட மனசு வராது மச்சான்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் வந்து சேர்ந்தாள்.

நாற்பது வயதிருக்கும். காத்திவாக்கத்து உப்பங்கழியில் பிடித்த இறாலை ராயபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவள். இடுப்பில் ஒரு தண்ணீர்ப் பானை. தலையில் பெரிய கூடை. கூடையின்மேல் ஈரக் கோணி. காலையில் போகும் ஒரே பஸ்ஸை அன்றைக்குத் தவறவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

"இன்னா நைனா, மாப்ள வண்டி நின்னுகீது?"

"போம்மா, நீ வேற பேஜாரு பண்ணாத" என்றான் மஸ்தான்.

அவள் போகவில்லை. பானையிலிருந்து தண்ணீரை அள்ளிக் கோணியின்மேல் தெளித்தாள். பிறகு எட்டி பானெட்டுக்குள் பார்த்தாள். "யம்மாடி, இன்னா சூடு! கஞ்சிப் பானை கொதிக்கற மாரி சத்தம் வர்து பாரு. எறாவுக்கு நான் சாக்கு போடறேன், அது கெட்டுப் பூடக்கூடாதுன்னு. ஒன் வண்டிக்கும் ஒண்ணு போடறதுதானே?" என்று சொல்லிச் சிரித்தாள்.

மஸ்தான் சிரிக்கவில்லை. "இன்னா சத்தம்?" என்று குனிந்து காதை வைத்தான். நான் விஷயம் தெரிந்தவன் அல்லவா? எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டுபிடிப்பதற்காகப் பெட்ரோல் வரும் செப்புக் குழாயைக் கையால் பிடித்தேன்.

பிடித்ததும் நான் போட்ட கூச்சல் காலடிப்பேட்டைவரை கேட்டிருக்கும். உள்ளங்கையில் குழாயின் அச்சு அப்படியே விழுந்துவிட்டது.

மஸ்தானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புகை போகும் குழாயை ஒட்டினாற்போல் ஓடுகிறது பெட்ரோல் குழாய். சாதாப் பெட்ரோல் அந்தச் சூட்டைத் தாங்கும். என்னுடைய உயர்ந்த ஜாதிப் பெட்ரோலோ கையில் விட்டாலே பறந்துபோகிறது. காலைக் கடல்காற்றில் தப்பித்தது; வெயிலும் சேர்ந்ததும் அந்தச் சூட்டில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. இன்ஜினுக்குப் போய்ச் சேருவது வெறும் காற்று. மஸ்தான் பிளக்கைத் துடைக்கும் நேரத்தில் குழாய் கொஞ்சம் ஆறுகிறது, வண்டி கிளம்புகிறது. மறுபடி சுடுகிறது, நிற்கிறது. துடைத்ததற்கும் ஊதியதற்கும் சம்பந்தமே இல்லை.

"மேல பறக்கற பெட்ரோலு, மேலயே பறந்துட்ச்சு" என்றான் மஸ்தான் என்னைப் பார்த்து. அவன் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"அம்மா, அந்தச் சாக்கைக் கொஞ்சம் குடும்மா" என்றேன் பாக்கியத்திடம்.

"குட்த்துட்டு? என் எறா வெயில்ல வெந்து பூடுமே. என்னையும் ஏத்திகினு போ. மார்க்கெட்டாண்ட இறக்கி உடு. சாக்கும் தரேன், தண்ணியும் தரேன்."

மாப்பிள்ளை வண்டியில் இறால் கூடையா என்று நான் ஒரு விநாடி யோசித்தேன். ஆரோக்கியம் யோசிக்கவில்லை. அவரே கதவைத் திறந்து, "ஏறுங்க அக்கா" என்று நகர்ந்து இடம் விட்டார். கூடை அவர் காலடியில் உட்கார்ந்தது.

பானெட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தபடியே கயிற்றால் கட்டினோம். ஈரச் சாக்கைக் குழாயின்மேல் சுற்றி, அது விழாமல் யாராவது பிடித்துக்கொண்டு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த யாராவது யார் என்பதில் விவாதமே இல்லை. மஸ்தான் விரலை நீட்டி மட்கார்டைக் காட்டினான். நான் ஏறி அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளைச் சட்டை, சரிகை அங்கவஸ்திரம், இடது கையில் இறால் சாக்கு, வெந்த வலது கையில் தகரக் குவளை.

வண்டி கிளம்பியது. நிற்கவில்லை. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் இறால் வாடையோடு நீராவி எழும்பி என் முகத்தில் அடித்துவிட்டு நேராகப் பின் சீட்டுக்குப் போனது. திருவொற்றியூர் கடைத்தெருவில் ஜனங்கள் கடையைவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். என்னைத் தெரிந்த ஒருவர், "சவரிமுத்து, இன்னா ஆச்சு?" என்று கூடவே ஓடிவந்தார். நான் முகத்தைச் சாக்குப் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். காலடிப்பேட்டையில் பானை காலியாகித் தெருக்குழாயில் நிரப்பினோம். ஆரோக்கியம் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது.

"மச்சான், அதுல ஒரு மடக்கு..." என்று தொடங்கினார். உடனே, "வேணாம், வேணாம். ரெஜினாவும்தான் குடிக்காம இருப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையிலேயே என் தங்கை நல்ல இடத்துக்குத்தான் போகிறாள் என்று தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொண்டபோது நான் ஒரு மட்கார்டின்மேல் குப்புறக் கிடந்தேன் என்பதுதான் வருத்தம்.

கோயில் வாசலில் வண்டி நின்றபோது பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம். சாமியார் உடுப்போடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பெண்கள் பக்கத்தில் பேச்சு நடந்து முடிந்து, எந்த ஊருக்கு ஓடினான் என்பதில் வந்து நின்றிருந்ததாம். ரயிலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் மட்டும், "வர்ற வழியில பாத்தமே, கையாட்டினாரே" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதைக் கேட்டவர்கள் விடைபெறத்தான் ஆட்டியிருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

முதலில் பாக்கியம் இறங்கினாள். பிறகு கூடை. பிறகு மாப்பிள்ளை. கடைசியாக என்னை மஸ்தான் மட்கார்டிலிருந்து உரித்து எடுத்தான்.

சாமியார் ஒருமுறை மூச்சை இழுத்தார். பீட வேலை பார்க்கும் கோயில்பிள்ளையைப் பார்த்து, "சாம்பிராணி கொஞ்சம் கூடுதலாகப் போடு" என்றார். பெரிய திருநாளில்கூட அப்படி ஒரு புகையை அந்தப் பீடம் கண்டதில்லை.

ரெஜினாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் என் கையைத்தான் பார்த்தாள். "இன்னாண்ணே இது, இப்படிப் பொத்துக்கீது?" என்று கேட்டுவிட்டு, தன் கையில் வைத்திருந்த கல்யாணக் கைக்குட்டையை மடித்து என் உள்ளங்கையில் கட்டினாள். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது. "சாம்பிராணிப் புகைம்மா" என்றேன். அவள் பீடத்துக்குப் போனாள்.

பூசை நடந்தது. தாலி கட்டினார்கள். பாக்கியம் மார்க்கெட்டை மறந்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆனந்தமாக அழுதாள். இறால் முழுவதும் கல்யாணச் சமையலுக்கே போனது. ரெஜினா அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னாள். "நீங்க இல்லாட்டி இன்னைக்கு நான் வூட்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன்" என்று அவளிடம் சொன்னதைக் காதால் கேட்டேன். எதிரே மஸ்தான் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "சவரிக்கு ரெண்டு எறா கூட வை. நெம்பப் பாடுபட்டான்" என்று பரிமாறுகிறவரிடம் சிபாரிசு செய்தான்.

டாக்டரின் கார் சீட்டில் அந்த வாடை அடுத்த மழைக்காலம்வரை இருந்தது. நோயாளி வீட்டு நாய்கள் பின்னாலேயே ஓடிவந்ததாகக் கேள்வி. அதற்கப்புறம் நான் எந்த வண்டியின் பக்கத்திலும் போய் மூக்கை உறிஞ்சவில்லை. யாராவது என்னிடம் யோசனை கேட்டால், "ஓட்டறவனைக் கேளுங்க" என்று சொல்லிவிடுவேன். கிடங்கில் அந்த விமானப் பெட்ரோல் டின்னுக்குச் சீட்டு எழுதும்போது என் கையெழுத்தும் பழையபடி கோணலாகிவிட்டது.

இதோடு போயிருந்தால் காலப்போக்கில் எல்லாரும் மறந்திருப்பார்கள். அடுத்த வருஷம் ரெஜினாவுக்குப் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்தன்று என்ன பெயர் என்று சாமியார் கேட்டபோது, புருஷனும் பெண்சாதியும் ஒரே குரலில் "பாக்கியமேரி" என்றார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்தப் பெயர் யாருக்கும் கிடையாது. ஆகவே பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கேட்டார்கள். முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மையின்போது கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். நானும் அந்தக் கூடத்தில்தான் பலகாரத் தட்டோடு நின்றிருந்தேன்.

"பாக்கியமேரின்னு வெச்சிருக்கீங்களே, பாட்டி பேருங்களா?" என்றார் பெண் பார்க்க வந்த பையனின் அம்மா.

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டாள். ஆரோக்கியம் கடிகாரத்தைப் பார்த்தார். அடக்கமாகத் தலைகுனிந்து நின்ற பெண்தான் நிமிர்ந்து, தட்டோடு நின்ற என்னைக் கைகாட்டிப் பதில் சொன்னாள்.

"பாட்டி பேரு இல்லீங்க. எங்க மாமா ஊத்தின பெட்ரோலால வந்த பேரு."